அப்பாவோட ஜாகா டிவிக்குள்ள கேம் மெஷின்: புடு கடைக்காரர் வேலை எப்படி?

முதல்லயே சொல்லிடுறேன், கடை பேரு இதுல வராது. ரெண்டு மூணு குறை சொல்லப் போறேன், அந்த அண்ணன் ஒத்த ஆளா நடத்துற கடை, கூடமாட ஒரு பையன் மட்டும், பேரு போட்டு அவர் பொழப்புல கை வைக்க மனசு வரல. புடுவுல ஜாலான் பாசார் தெரியும்ல, கே.எல்.ல, அதான் கோலாலம்பூர்ல, எலெக்ட்ரானிக் சாமான்னா எல்லாரும் போற இடம், அந்தப் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடி. படி ஏறும்போதே ஈயம் உருகுற வாசனை வரும், உள்ள போனா உட்கார இடம் இருக்காது, நாற்காலி மேலயும் டிவிதான்.

அவர் செய்யற வேலை என்னன்னா, பழைய போர்ட்டபள் டிவிக்குள்ள கேம் மெஷினை வச்சுக் கட்டிக் கொடுக்கிறது. வெளிய பார்த்தா அதே பழைய டிவி, சுவிட்சைத் திருகுனா நம்ம சின்ன வயசு கேம் வரும். முப்பது வருசமா டிவி ரிப்பேர் பண்ண கை, இப்ப யாரும் டிவி ரிப்பேருக்குக் கொண்டு வர்றதில்ல, உடைஞ்சா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுறோம், அதனால இப்படி ஒரு வழி பிடிச்சிருக்காரு.

நான் கொண்டு போன டிவி எங்க அப்பாவோடது. சுங்கை பீசி பக்கம் ஒரு ஃபேக்டரியில நைட் ஜாகாவா, அதான் ராத்திரி காவல்காரரா இருந்தாரு. 5 இஞ்ச் கறுப்பு வெள்ளை, கூடவே ரேடியோ, மேல கைப்பிடி, இழுத்தா நீளுற ஏரியல், பின்னாடி பெரிய சைஸ் பேட்டரி 9 போடுற குழி. அந்த ஒன்பது பேட்டரி வாங்குற காசுக்கு அம்மா அவரைத் திட்டாத மாசம் கிடையாது. 98 வேர்ல்ட் கப் பூரா ஜாகா கொட்டாயில இதுலதான் பார்த்தாரு. பேட்டரி மூடிக்கு உள்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால எப்பெப்ப பேட்டரி மாத்துனாருன்னு தேதி எழுதி வச்சிருக்காரு, கடைசித் தேதி 12-7-98. மறுநாள் விடிகாலை 3 மணிக்கு ஃபைனல், பாதி மேட்சுல படம் சுருங்கிடக் கூடாதுன்னு முன்னாடியே மாத்தியிருக்காரு மனுசன். அதுக்கப்புறம் எதுவும் எழுதல, கேபின்ல கரண்ட் கொடுத்துட்டாங்க போல.

2019ல நாடு பூரா அனலாக் ஒளிபரப்பை நிறுத்திட்டு டிஜிட்டலுக்கு மாத்திட்டாங்கல்ல, அதோட இந்த டிவி கதையும் முடிஞ்சுது. எந்தப் பக்கம் திருகுனாலும் சுர்ருன்னு புள்ளிதான். அப்பா போனதுக்கப்புறம் அலமாரி மேல துணி போட்டு மூடி வச்சிருந்தேன், தூக்கிப் போடவும் முடியல, வச்சிருந்தும் பிரயோசனம் இல்ல. பெரியவனுக்கு பதினோரு வயசு, ஒருநாள் இதை எடுத்து வச்சிக்கிட்டு இது என்னம்மா மைக்ரோவேவான்னு கேட்டான். அன்னைக்குத்தான் இதை ஏதாச்சும் பண்ணணும்னு தோணுச்சு.

கடைக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். டிவி என்னோடது, கேம் ஆசை என்னோடது, காசும் என்னோடது, ஆனா அண்ணன் பேசுனது எல்லாம் அவர்கிட்ட. அவருக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது, தலையைத் தலையை ஆட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான்தான் நடுவுல புகுந்து, அண்ணே, ஆர்எஃப்ல போடப் போறீங்களா, நேரா வீடியோ கொடுக்கப் போறீங்களான்னு கேட்டேன். அப்பத்தான் திரும்பிப் பார்த்தாரு. அதுக்கப்புறம் தங்கச்சி தங்கச்சின்னு எல்லாத்தையும் என்கிட்ட காட்டிக் காட்டிச் சொன்னாரு, அது வேற விசயம்.

இந்த ரெண்டு வழியும் தெரிஞ்சுக்கிட்டு போங்க, இல்லன்னா என்ன சொன்னாலும் சரி சரின்னு வந்துடுவீங்க. ஒண்ணு, ஆர்எஃப் மாடுலேட்டர்னு ஒரு சின்ன டப்பா, கேம் படத்தை டிவி சேனல் மாதிரி மாத்தி ஏரியல் வழியா அனுப்பும், டிவியில அந்தச் சேனலைத் திருகிப் பிடிச்சா படம் வந்துடும். சின்னப் பிள்ளையில மைக்ரோ ஜீனியஸ் கேம் மெஷினை ஏரியல் ஓட்டையில சொருகி ஆடுனோமே, அதே கதைதான். டிவியில ஒரு இடம்கூட வெட்ட வேணாம், செலவும் கம்மி, ஆனா படம் கொஞ்சம் மங்கல், பக்கத்துல போன் அடிச்சாலோ மிக்சி ஓடுனாலோ கோடு விழும். இன்னொண்ணு, டிவியைத் திறந்து, ஏரியல்ல இருந்து வர்ற சிக்னலைப் பிரிச்சு வீடியோவா ஆக்குற சிப்பைக் கண்டுபிடிச்சு, அது வீடியோவை வெளிய விடுற இடத்துல பழைய பாதையைத் துண்டிச்சிட்டு நம்ம வீடியோவை நேரா கொடுக்கிறது. படம் பளிச்சுன்னு வரும். ஆனா எந்த இடத்துல வெட்டணும்னு தெரிஞ்ச கை வேணும்.

அண்ணன் ரெண்டாவதுதான் சொன்னாரு. டிவியைப் புரட்டிப் பார்த்துட்டு முதல்ல கேட்ட கேள்வி இதுக்கு அடாப்டர் எங்கன்னு. ஏன்னா இந்த மாதிரி பேட்டரி டிவியெல்லாம் 12 வோல்ட்ல ஓடுறது, வீட்டு கரண்ட் உள்ள வர்றதில்ல, அடாப்டரோட நின்னுடும், அதனால உள்ள ஒயர் இழுக்கிறதுல பயம் இல்ல. ஆனா 14 இஞ்ச் கலர் டிவிங்க நிறைய நேரா 240 வோல்ட்ல ஓடும், அதுல உள்ள இருக்கிற கிரவுண்டுகூட சில டிவியில கரண்ட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுல போய் கேம் மெஷினைச் சேர்த்தா கன்ட்ரோலரைத் தொடுறவனுக்கு ஷாக். அதனால பெரிய டிவி கொண்டு வந்தா வீடியோ சொருகுற ஏவி ஓட்டை ஏற்கனவே இருந்தாத்தான் கை வைப்பாராம், இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாராம். காசு வேணாம்னு சொல்லி அனுப்புற கடை எனக்குப் பிடிக்கும், அங்கயே பாதி நம்பிக்கை வந்துடுச்சு.

திறக்கும்போது பக்கத்துல நிக்க விட்டாரு, ஆனா பெரியவனை ரெண்டடி தள்ளி நிக்கச் சொன்னாரு. பிக்சர் டியூப்ல பக்கவாட்டுல ரப்பர் தொப்பி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும்ல, அதுக்குள்ள ஆயிரக்கணக்கான வோல்ட் சுவிட்சு அணைச்சு நாளானாலும் தங்கியிருக்கலாம். நீள ஸ்குரூட்ரைவர்ல ஒரு ஒயரைக் கட்டி, அந்த ஒயரோட மறுமுனையை டியூபைச் சுத்தி இருக்கிற கம்பியில மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னாடி வச்சிக்கிட்டு, இன்னொரு கையால மெல்ல ரப்பருக்கு அடியில விட்டாரு. டிக்குனு ஒரு சத்தம். இத்தனை வருசம் அலமாரி மேல கிடந்தாலும் பத்து நிமிசம் முன்னாடி ஓட்டிப் பார்த்தோம்ல அந்தக் கரண்டுன்னாரு. ஏன் ஒரு கையை முதுகுக்குப் பின்னாடி வச்சிருக்கீங்கன்னு பெரியவன் கேட்டான். ரெண்டு கையும் உள்ள இருந்தா கரண்ட் ஒரு கையில ஏறி நெஞ்சு வழியா மறுகைக்குப் போகும் தம்பி, ஒரு கைன்னா அந்த வழி இல்லன்னாரு. யூடியூப் பார்த்துட்டு வீட்டுல நாமளே திறந்துடலாம்னு நினைக்கிறவங்க தயவுசெஞ்சு இதை ரெண்டு தடவை படிங்க.

உள்ள வைக்கிறது ராஸ்பெரி பைன்னு ஒரே போர்டுல அடங்குற சின்னக் கம்ப்யூட்டர். அதுல எந்த மாடல்னு கடைப் பையன்தான் முடிவு பண்றான், சாஃப்ட்வேர் எல்லாம் அவன் பக்கம். ஸீரோ 2 வைக்கலாம், ரொம்ப சின்னது, ஆனா அதுல சவுண்டு ஓட்டையே கிடையாது, டிவிக்குப் போற வீடியோவும் போர்டுல ரெண்டு சின்னப் புள்ளியாத்தான் இருக்கும், ஈயம் வச்சு ஒட்டணும். 4 வேணாம்னான், இந்தப் பழைய வீடியோவை அதுல தனியா திறந்து விடணும், திறந்தா கொஞ்சம் வேகமும் குறையும், காசும் அதிகம், எட்டு பிட் கேமுக்கு எதுக்கு அவ்வளவுன்னு. கடைசியில 3ஏ பிளஸ். அதுல 3.5 மில்லிமீட்டர் ஓட்டை ஒண்ணுலயே சவுண்டும் வீடியோவும் வருது, போர்டு 65க்கு 56 மில்லிமீட்டர், பேட்டரிக் குழிக்குள்ள தாராளமா உட்கார்ந்துக்கிச்சு. அப்பாவோட ஒன்பது பேட்டரி இருந்த இடத்துல இப்ப ஒரு கம்ப்யூட்டர். இந்த ஓட்டைக்குப் போடுற கேபிளுக்கு ஒரு எச்சரிக்கை, பழைய கேமராவுக்கு வந்த கேபிள் பார்க்க அப்படியே இருக்கும், ஆனா நிறையக் கேபிள்ல வீடியோவும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். நாங்க கடைக்குப் போறதுக்கு முன்னாடி மச்சான்கிட்ட ஒரு ராஸ்பெரி பை கடன் வாங்கி ஹால் டிவியில டெஸ்ட் பண்றேன்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டது இதனாலதான்.

பத்து நாள் கழிச்சு வரச் சொன்னாரு, பதினேழு நாள் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவை போன் பண்ணேன், நாளைக்கு தங்கச்சி, நாளைக்கு தங்கச்சின்னுதான் பதில். போகட்டும்.

படம் எப்படி? நல்லா இருக்கு லா, நான் நினைச்சதைவிட நல்லா இருக்கு. இந்த டியூப்ல கோடு கோடா படம் எழுதுறதுனால அந்தக் காலத்து கேமோட முகம், மரம், செங்கல் எல்லாம் அதோட சரியான வடிவத்துல தெரியுது. வீட்டுல 55 இஞ்ச் டிவியில அதே கேமைப் போட்டா கட்டம் கட்டமா கண்ணைக் குத்தும். அப்புறம் பட்டனை அமுக்குனதும் குதிக்குது. புது டிவிங்க படத்தை வாங்கி உள்ள அதை இதைப் பண்ணி அப்புறம்தான் காட்டும், இதுல அந்தத் தாமதம் இல்ல.

கறுப்பு வெள்ளை டிவிக்குன்னே பையன் ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தான். வீடியோ சிக்னலுக்குள்ள கலருக்குன்னு ஒரு தனி சங்கதி ஓடும், கறுப்பு வெள்ளை டிவிக்கு அது புரியாது, படத்து மேல பொடிப் பொடிப் புள்ளியா ஊரும். ராஸ்பெரி பையோட செட்டிங் ஃபைல்ல கலர்பர்ஸ்ட்டை அணைக்கிற ஒரு வரி இருக்கு, அதைப் போட்டுட்டான். கடையிலயே போடாமயும் போட்டும் மாத்தி மாத்திக் காட்டுனான், ஸ்கோர் எழுத்தோட ஓரம் கத்தி மாதிரி ஆயிடுச்சு. இதைக் கேட்காமலே செஞ்சான் பாருங்க, அதுக்கே தனி மார்க்கு.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன், இதை எழுத உட்கார்ந்ததே இதுக்குத்தான். முதல் நாள் கடையில ஓட்டிப் பார்க்கும்போது எனக்கு என்னமோ சரியில்ல. படம் சரி, சவுண்டு சரி, ஆனா ஆடவே முடியல, ரெண்டு நிமிசத்துல மூணு உசுரும் போச்சு. சின்ன வயசுல செந்தூல் ஃப்ளாட்டுல என் தம்பியை அழ வச்ச ஆளு நான். கை மறந்துபோச்சு போலன்னு நினைச்சேன். ஆனா பாட்டும் ஒரு மாதிரி, மூச்சு வாங்குற மாதிரி ஓடுது. அண்ணே, இது வேகமா ஓடுதுன்னேன். பையன் சிரிச்சான், இல்லக்கா, இதுதான் ஒரிஜினல் ஸ்பீடுன்னான்.

அண்ணன் சிரிக்கல. ஈயக்கம்பியைக் கீழ வச்சிட்டு, தங்கச்சி நீங்க ஆடுனது எது, ஜப்பான் மெஷினா, மைக்ரோ ஜீனியஸான்னு கேட்டாரு. மைக்ரோ ஜீனியஸ்தான், நம்ம ஊருல அப்ப வேற யாரு வீட்டுல என்ன இருந்துச்சு. அப்ப அவங்க சொல்றது சரிடான்னு பையனைப் பார்த்துச் சொன்னாரு. விசயம் இதுதான். நிண்டெண்டோவோட ஃபேமிகாம் 1983ல ஜப்பான்ல வந்தது, அங்க டிவி நொடிக்கு 60 படம் காட்டும், கேமும் அந்த 60ஐ நம்பித்தான் எழுதுனது, ஒரு படத்துக்கு ஒரு அடி நடக்கிற மாதிரி. நம்ம ஊரு டிவி பால் (PAL) சிஸ்டம், நொடிக்கு 50. தைவான்காரங்க ஃபேமிகாமைக் காப்பியடிச்சு மைக்ரோ ஜீனியஸ் மாதிரி மெஷினுங்களை நம்ம மாதிரி பால் நாடுகளுக்கு அனுப்பும்போது 50க்கு ஓடுற மாதிரி சிப்பு வச்சாங்க. அதே கேசட்டு, அதே கேம், ஆனா 60 அடி நடக்க வேண்டிய நேரத்துல 50 அடிதான் நடக்கும். ஆறுல ஒரு பங்கு மெதுவு. பாட்டும் மெதுவு. நாம எல்லாரும் அந்த மெதுவுலயே வளர்ந்து, அதையே கேமோட வேகம்னு நினைச்சிக்கிட்டு இருந்திருக்கோம்.

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. முப்பது வருசத்துக்கு மேல என் தலைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கிற அந்தப் பாட்டு, ஜப்பான்காரன் எழுதுன வேகத்துல இல்ல, செந்தூல் வேகத்துல ஓடிக்கிட்டு இருந்திருக்கு.

பையன் கம்முனு உட்கார்ந்து தேடுனான். எமுலேட்டர்னு, பழைய மெஷின் மாதிரியே நடிச்சு கேமை ஓட்டுற சாஃப்ட்வேர், அதோட செட்டிங்ல ஊரு எதுன்னு கேட்கிற இடம் இருக்கு, அமெரிக்கா ஜப்பானுக்கு ஒண்ணு, ஐரோப்பாவுக்கு ஒண்ணு, மூணாவதா டெண்டின்னு ஒண்ணு. டெண்டிங்கிறது ரஷ்யாவுல வித்த இதே தைவான் காப்பி மெஷினோட பேரு. நம்ம மைக்ரோ ஜீனியஸும் அந்த ஜாதிதான். எமுலேட்டர்ல டெண்டி, பை செட்டிங்ல டிவி மோடு 18, அதாவது பால், அதுவும் வரி மாறி மாறி எழுதி ஆடாம ஒரே வரிசையா எழுதுற பால். டிவி பின்னாடி வி-ஹோல்டுன்னு ஒரு சின்னத் திருகு இருக்கும், அது 60க்குத் திருகி வச்சதால படம் மேல மேல உருண்டுக்கிட்டே போச்சு, அண்ணன் கால் சுத்து திருப்புனாரு, நின்னுடுச்சு. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வந்துச்சு. பையன் அதை எடுக்கட்டுமான்னு கேட்டான். வேணாம்னேன், அதுவும் அப்படியேதான் இருந்துச்சு அந்தக் காலத்துல. கன்ட்ரோலரை வாங்கி ஆடுனேன். முதல் ஸ்டேஜ் ஒரு உசுரு போகாம முடிச்சேன். பெரியவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

இனி குறைங்க.

முதலாவது பெருசு. இந்த டிவியில சவுண்டு திருகுற குமிழே சுவிட்சும், இடது பக்கம் முழுசா திருகுனா டொக்குனு அணையும். அண்ணன் அந்த சுவிட்சுலயே ராஸ்பெரி பைக்கும் கரண்ட் இழுத்துட்டாரு. பார்க்க அழகா இருக்கு, ஒரே குமிழ்ல டிவியும் கேமும் போகுது. ஆனா பை ஒரு கம்ப்யூட்டர், ஒழுங்கா மூடாம டொக்குனு கரண்டைப் புடுங்குனா எஸ்டி கார்டுல எழுதிக்கிட்டு இருந்தது பாதியில நிக்கும். மூணாவது வாரம் ஒரு சாயங்காலம் பெரியவன் சாப்பிடக் கூப்பிட்டதும் டொக்குனு அணைச்சிட்டு வந்தான், மறுநாள் போட்டா கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்து ஓடி நின்னுடுச்சு, அவ்வளவுதான். சேவ் பண்ணது எல்லாம் போச்சு. அவனை நான் வேற திட்டிட்டேன், பாவம், சுவிட்சு இருந்தா அணைக்கத்தானே செய்வான்.

திரும்பக் கொண்டு போனேன். கார்டைப் புதுசா எழுதிக் கொடுத்து, டிவியில சும்மா கிடந்த விஹெச்எஃப் யுஹெச்எஃப் மாத்துற சுவிட்சை பையோட ரெண்டு பின்னுல இணைச்சு, அதைத் தள்ளுனா பை தானா ஒழுங்கா மூடிக்கிற மாதிரி செஞ்சான் பையன். முதல்ல அதைத் தள்ளணும், பச்சை லைட்டு மின்னி நின்னதும் குமிழைத் திருகணும். நல்ல யோசனை. ஆனா அதுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்) கேட்டாரு அண்ணன். முதல்லயே செஞ்சிருக்க வேண்டிய வேலைக்கு எதுக்கு நான் காசு கொடுக்கணும்? கேட்டேன். கார்டு காசு தங்கச்சி, பையன் சம்பளம் தங்கச்சின்னாரு. கடைசியில 40ல முடிஞ்சுது. எனக்கு இன்னும் ஆத்திரம்தான். நீங்க போனீங்கன்னா வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, அணைக்கிறதுக்குத் தனி சுவிட்சு வேணும்னு சொல்லி ரேட்டுக்குள்ள சேர்த்துடுங்க.

ரெண்டாவது, கார்டுல அவங்களே பத்தாயிரம் கேம் போட்டுக் கொடுக்கிறாங்க, அதை விளம்பரம் மாதிரி சொல்றாங்க வேற. எல்லாம் திருட்டு காப்பி, அதுலயும் ஒரே கேம் நாலு பேருல, பாதி ஜப்பான் மொழியில. எனக்கு வேணாம், காலியா கொடுங்கன்னு சொன்னேன், என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. இப்பவும் அந்தப் பழைய மெஷினுக்கே புதுசா கேம் எழுதி விக்கிறவங்க இருக்காங்க, 2019ல வந்த மைக்ரோ மேஜஸ்னு ஒண்ணு, மொத்த கேமும் 40 கிலோபைட்டு, இப்ப நாம வாட்சாப்புல அனுப்புற ஒரு போட்டோ அதைவிடப் பெருசு. காசு கொடுத்து வாங்கி ஏத்துனேன். நாலு பேரு வரைக்கும் ஆடலாம். என்ன ஒண்ணு, ஆளுக்கு ஆளு கலர்தான் வித்தியாசம், நம்ம டிவியில எல்லாரும் ஒரே சாம்பல், நானும் பெரியவனும் ஆடுறப்ப பாதி நேரம் அவனை நான்னு நினைச்சு ஓட்டிக்கிட்டு இருப்பேன். இதையும் யோசிச்சிக்கோங்க, கலர் கலரா மாத்திரை அடுக்குற மாதிரி கேமெல்லாம் கறுப்பு வெள்ளையில ஆகவே ஆகாது. ஓடுறது, குதிக்கிறது, சுடுறதுன்னா பிரச்சனை இல்ல.

மத்த சின்னச் சின்ன விசயம். மெனு எழுத்து 5 இஞ்ச்ல எறும்பு மாதிரி இருந்துச்சு, பெரிய எழுத்து தீம் மாத்தித் தரச் சொல்லி வாங்குனேன், அது காசு கேட்காம செஞ்சாங்க. டியூபோட மூலை வளைவா இருக்கிறதால ஸ்கோர் ஓரத்துல வெட்டிக்கிச்சு, அதையும் சரி பண்ணிட்டாங்க. 12 வோல்ட்டை 5ஆ குறைக்கிற சின்ன போர்டு டியூபுக்குக் கிட்ட இருந்தப்ப படத்துல சாய்வா அலையடிச்சுது, அதைப் பேட்டரிக் குழியோட அந்தப் பக்கக் கோடிக்குத் தள்ளுனதும் போயிடுச்சு. சவுண்டுல மட்டும் லேசா உர்ருன்னு ஒண்ணு இருக்கு, கேம் ஓடும்போது தெரியாது, நிறுத்தி வச்சா கேட்கும். அதுக்கு ஒரு தீர்வும் சொல்லல, பழைய ஸ்பீக்கரு தங்கச்சி அப்படித்தான்னுட்டாரு. அப்புறம் அந்த விசில், டியூப் ஓடும்போது கீங்குனு மெல்லிசா ஒரு சத்தம் வரும்ல, நொடிக்கு 15,625 வரி எழுதுற சத்தம் அது. பெரியவனுக்குக் கேட்குது, எனக்குக் கேட்கல. சின்ன வயசுல பக்கத்து ரூம்ல டிவி போட்டாலே எனக்குத் தெரிஞ்சுடும், இப்ப காது போச்சு.

மொத்தம் எவ்வளவுன்னு கேட்பீங்க. வேலைக்கூலி 280, பை, கார்டு, புது அடாப்டர், போர்டு, ஒயர் எல்லாம் சேர்த்து 230, அப்புறம் அந்த 40. ஆக 550 வெள்ளி. கன்ட்ரோலர் நானே வாங்குனது. இந்தக் காசுக்கு லசாடாவுல ஸ்கிரீனோட ரெடியா கைக்குள்ள அடங்குற கேம் மெஷின் கலர்லயே கிடைக்குமேன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு. கிடைக்கும். கேம் ஆடுறதுதான் குறின்னா அதையே வாங்கிக்கோங்க, நான் தடுக்கல. அலமாரி மேல அப்பா டிவி, தாத்தா டிவின்னு ஏதாச்சும் கிடந்தா மட்டும் இந்தப் படி ஏறுங்க. டிவி இல்லாதவங்க தேடணும்னா சனி ஞாயிறுல பிஜே (பெட்டாலிங் ஜெயா) ஆம்கோர்ப் மால்ல பழைய சாமான் விரிப்பாங்க, பினாங்குக்காரங்களுக்கு லோரோங் கூலிட் இருக்கவே இருக்கு. வாங்கும்போது அங்கயே கரண்டு கொடுத்து ஓட்டிப் பாருங்க, சேனல் வரலன்னாலும் ஸ்கிரீன் பூரா பிரகாசமா புள்ளி வந்தா டியூப் நல்லா இருக்குன்னு அர்த்தம், நடுவுல ஒரே ஒரு கோடுதான் நிக்குதுன்னா ரிப்பேர் செலவு தனி. அடாப்டரோட பிளஸ் மைனஸ் பார்க்காம கண்டதைச் சொருகாதீங்க, பழைய டிவியில நடுவுல மைனஸ் வர்றதும் உண்டு.

ஒண்ணு மறந்துட்டேன். கேபிள் வெளிய வர்றதுக்கு ஒரு ஓட்டை போடணும், சுலபமான இடம் பேட்டரி மூடிதான்னு அண்ணன் டிரில்லை எடுத்துட்டாரு. மூடியைத் திருப்பி உள்பக்கம் காட்டுனேன். படிச்சாரு. ஒண்ணும் கேட்கல, டிரில்லைக் கீழ வச்சிட்டு, ஏரியலுக்குக் கீழ பக்கவாட்டுல ஒரு சின்ன ஓட்டை போட்டு, கேபிளைச் சுத்தி வளைச்சுக் கொண்டு வந்தாரு. பார்க்க அசிங்கமாத்தான் இருக்கு, கேபிள் இடுப்புல கைவச்ச மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு மட்டும் அரை மணி நேரம் எக்ஸ்ட்ரா ஆச்சு, அதுக்கு அவர் காசு கேட்கல.

போறவங்க எல்ஆர்டியில போங்க, புடுவுல பார்க்கிங் தேடுறதுக்குள்ள டிவியைத் தூக்குன கை வலிச்சுடும். டிவியை அரிசிப் பைக்குள்ள வச்சு, ஸ்கிரீனை நெஞ்சுப் பக்கம் பார்க்க வச்சுத் தூக்குங்க, டியூபோட கழுத்து மெல்லிசு, பின்பக்கம் இடிச்சா முடிஞ்சுது. காலையில பத்து மணிக்கு முன்னாடி போகாதீங்க, அண்ணன் கீழ மாமாக் சாப்பாட்டுக் கடையில உட்கார்ந்து கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடிச்சிட்டு இருப்பாரு, மேல வந்து கதவு திறக்க பத்தரை ஆகும்.